என் அண்ணன் மெல்ல நடிக்கக் கற்றுக்கொண்ட கதை

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது என்று என் கண்ணின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது. அதன் மேல் இட்ட ஆணை செல்லுமோ செல்லாதோ என்று சந்தேகமாக இருப்பதால் நல்ல கண்ணின் மேலேயே இரண்டு தடவை ஆணையிட்டுவிடுகிறேன்.

படம் பேசாமல் இருந்த காலத்தில் என் அண்ணன் கதை எழுதி, அதைத் தானே இயக்கி, தானே கதாநாயகனாகவும் நடித்தார். அப்போது பலரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் ஒரே ஒரு வார்த்தையை நேரத்துக்குச் சொல்ல முடியாமல் வாழ்க்கையைக் கோட்டைவிட்டவர் அவர் ஒருவர்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

சின்ன வயதில் அண்ணனுக்குப் பம்பரம் என்று பெயர். சாப்பிட உட்கார்ந்தார் என்று நாம் நினைக்கும்போது கை கழுவுகிற சத்தம் கேட்கும். அவ்வளவு வேகம். அவர் எழுதிய முதல் கதை சோகக் கதை. நோயாளி அம்மாவை மகன் தோளில் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து வைத்தியரிடம் இறங்கி வருகிறான். பாதி வழியில் அவள் உயிர் போய்விடுகிறது. அவ்வளவுதான் கதை. ஸ்டூடியோவுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைத்தான் மலையாக்கினார்கள். வெயிலின் கூர்மை தெரியாமல் இருக்க மேலே வெள்ளைத் துணி கட்டியிருந்தது. காமிராக்காரர் வேகம் மாறாமல் இருப்பதற்காக வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கைப்பிடியைச் சுற்றினார். அம்மா செத்த இடத்தில் பாட்டு தடுமாறியது, அவரும் அழுதுகொண்டிருந்தார். பவுடர் பூசுகிறவர் பூசிய முகங்களெல்லாம் கண்ணீரில் கரைந்து, மறுபடி பூச வேண்டியதாயிற்று.

தியேட்டரில் முதல் காட்சி. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தக் காலத்தில் படம் எடுப்பதும் கையால், காட்டுவதும் கையால். எடுக்கிறவர் ஒரு நிதானத்தில் சுற்றுவார். தியேட்டரில் காட்டுகிற ஆபரேட்டருக்கு எந்த நிதானமும் கிடையாது. ஒரு நாளில் கூடுதலாக ஓர் ஆட்டம் ஓட்டிவிட வேண்டும் என்று தியேட்டர்காரர் அவர் தலையில் உட்கார்ந்திருப்பார். விளைவு, என் அண்ணன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு தெள்ளுப்பூச்சி மாதிரி குதித்துக் குதித்து மலையிறங்கினார். அவளைப் பொத்தென்று போட்டார். மரங்கொத்தி மாதிரி மார்பில் அடித்துக்கொண்டார். கண்மூடித் திறப்பதற்குள் குழி தோண்டி மூடிவிட்டுக் கிளம்பினார். இரண்டாம் வரிசையில் எங்கள் அம்மா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

“நீயுமாம்மா சிரிக்கிறே?” என்றார் அண்ணன்.

“என்னடா செய்யச் சொல்றே? அந்தப் பொம்பளை நோய்லயாடா செத்தா? நீ ஓடி வந்த ஓட்டத்துல குலுங்கிச் செத்தா.”

அண்ணன் நேராக ஆபரேட்டர் அறைக்கு ஏறினார். நானும் போனேன். உள்ளே அடுப்பு மாதிரிச் சூடு. ஆபரேட்டர் பனியனோடு நின்று இடது கையால் வேர்க்கடலை தின்றுகொண்டு வலது கையால் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்த மலைக் காட்சியை மட்டும் கொஞ்சம் மெதுவாச் சுத்தக் கூடாதா? சாகறது பெத்த தாய்.”

“உங்க தாய் நிதானமாச் செத்தா, அடுத்த ஆட்டத்தை யாருப்பா ஓட்டறது?”

சரி, எடுக்கும்போதே காமிராவை வேகமாகச் சுற்றிவிட்டால் காட்டும்போது சரியாகிவிடுமே என்று காமிராக்காரர் யோசனை சொன்னார். ஆனால் வேகமாகச் சுற்றினால் பிலிம் அதிகம் செலவாகும். ஸ்டூடியோ முதலாளி அதைக் கேட்டதும், “பிலிம் என்ன குழாய்த் தண்ணியா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அண்ணனுக்கு ஒரே வழிதான் பாக்கி. காமிரா வேகமாக ஓடாது. ஆபரேட்டர் மெதுவாக ஓட்டமாட்டார். ஆகவே தன் உடம்பை மெதுவாக்கிக்கொள்வது.

அவர் பழகினார். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்குவார். அது தலைக்கு வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். கண் சிமிட்டுவது கடை ஷட்டர் இறக்குகிற மாதிரி இருக்கும். அடுத்த படம் வந்தபோது திரையில் மற்ற எல்லோரும் கோழிக்குஞ்சுகளாகச் சிதறி ஓட, நடுவில் என் அண்ணன் மட்டும் மனிதன் மாதிரி நடந்து வந்தார். ஊரே அசந்துபோயிற்று. “என்ன கம்பீரம், என்ன நிதானம்” என்றார்கள். பம்பரம் என்ற பெயர் போய், மகாராஜா என்ற பெயர் வந்தது. அதற்குப் பிறகு அவர் எழுதிய கதைகளில் எல்லாம் கதாநாயகன் நடந்து வருகிற இடம்தான் கதை.

ஸ்டூடியோவில் படத்தை வெட்டி ஒட்டுகிற வேலை பெண்களுடையது. அவர்களில் ஒருத்திக்குக் கத்தரி என்று பெயர். இடுப்பில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் தொங்கும். நாக்கும் அதே சாணையில் தீட்டியதுதான். வெட்டிய துண்டுகளைக் கொடியில் துணி காயப்போடுவதுபோல் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பாள். பிலிமில் எது படம் இருக்கிற பக்கம் என்று தெரிய உதட்டில் வைத்துப் பார்ப்பாள், ஒட்டினால் அதுதான். அப்படி என் அண்ணனுடைய முகம் அவள் உதட்டில் ஒட்டாத நாள் கிடையாது. இதை அண்ணன் கவனித்துவிட்டார். மெதுவாகத்தான் கவனித்தார், ஆனால் முழுசாகக் கவனித்தார்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: “மகாராஜா, நீங்க சிரிக்க ஆரம்பிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு ரீல் தீர்ந்துடுது. நான் எங்கே வெட்டறது? முன் பல்லு தெரிஞ்சதும் வெட்டவா, கடைவாய்ப் பல்லு வர வரைக்கும் காத்திருக்கவா?”

அண்ணன் சிரித்தார். அவள் நிஜமாகவே காத்திருந்தாள். அந்தச் சிரிப்பு முடிகிற வரைக்கும் கையில் துண்டைப் பிடித்தபடி நின்றதைப் பார்த்ததும், எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

கெடுதல் என்னவென்றால், பழகிய மெதுவை ஸ்டூடியோ வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர முடியவில்லை. வீட்டிலும் அதே நடை. காலையில் காபி டம்ளரை எடுத்தால், வாய்க்குப் போகும்போது மதிய வெயில் ஜன்னலுக்கு வந்திருக்கும். கன்னத்தில் ஒரு கொசு உட்கார்ந்தது. அடிப்பதற்குக் கையை ஓங்கினார். கை போய்ச் சேர்வதற்குள் அது வயிறு நிறையக் குடித்து, உறவுக்காரர்களையும் அழைத்து வந்து, எல்லோரும் சாப்பிட்டு ஏப்பம் விட்டுக் கிளம்பிவிட்டார்கள். தபால்காரர் கதவைத் தட்டியபோது அண்ணன் திறக்கப் போனார். திறந்தபோது வேறு தபால்காரர் நின்றிருந்தார், பழையவர் ஓய்வு பெற்றுவிட்டாராம்.

“நான் பிள்ளையை வளர்த்தேனா, மரத்தை வளர்த்தேனான்னு தெரியலை” என்றாள் அம்மா. “மரமாவது காத்தடிச்சா அசையும்.”

அப்போதுதான் படம் பேச ஆரம்பித்தது.

சத்தம் வந்ததும் கைப்பிடி போய்விட்டது. எடுக்கிற இடத்தில் ஒரு மோட்டார், காட்டுகிற இடத்தில் ஒரு மோட்டார். இரண்டும் ஒரே வேகம். யாரும் யாரையும் அவசரப்படுத்த முடியாது. என் அண்ணன் ஆயுள் முழுக்க ஏங்கிய நியாயம் அதுதான். அது வந்து சேர்ந்தபோது அவர் ஆமையாகியிருந்தார்.

குரல் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். சத்தம் கேட்கிற கருவியைக் காதில் கிண்ணம் மாதிரி மாட்டிக்கொண்டிருந்த ஒலிப்பதிவுக்காரர் கையசைத்தார். அண்ணன் பேசத் தொடங்கினார். ஒன்றும் கேட்கவில்லை. மெஷினில் கோளாறு என்று நினைத்து ஒலிப்பதிவுக்காரர் அதைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி மாட்டினார். கடைசித் திருகை முறுக்கும்போது முதல் எழுத்து வந்தது.

“தப்பா நினைக்காதீங்க மகாராஜா,” என்றார் முதலாளி. “நீங்க ஒரு வசனம் முடிக்கிறதுக்குள்ள இடைவேளை விட்டுடணும்.”

அண்ணனைப் பழையபடி வேகமாக்க நான் படாத பாடு பட்டேன். தெருநாய் ஒன்றை உசுப்பிவிட்டேன். அது அவரைத் துரத்தியது; துரத்திக்கொண்டே அவரைத் தாண்டிப் போய்விட்டது; திரும்பி வந்து பார்த்தது; சலித்துப்போய் அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

பேசும் படத்தை வெட்ட மெஷின் வந்தது. மெஷினோடு ஆட்களும் வந்தார்கள். கத்தரிக்கோல் பெண்களை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். வேலை போன அன்று, வெட்டுகிற அறையில் நின்றிருந்த எங்களிடம் கத்தரி வந்தாள். கொடியில் ஒரு துண்டுகூட இல்லை, வெறும் கிளிப்புகள்தான் தொங்கின.

“வெளியூர்ல எங்க அக்கா ஒரு இடம் பாத்து வெச்சிருக்கா,” என்றாள். “ஜவுளிக் கடைக்காரர். நல்லவராம். நாளைக்கு மத்தியான வண்டி. நீங்க இருன்னா இருக்கேன். போன்னா போறேன். ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

அண்ணன் மூச்சை இழுத்தார்.

நான் குறுக்கே விழுந்தேன். “அக்கா, அவர் மனசு எனக்குத் தெரியும். நான் சொல்றேன்.”

“உன் வாயால வேணாம் தம்பி.”

“அப்போ எழுதிக் காட்டச் சொல்றேன். அவர் தொழிலே அதுதானே. பேசாத படத்துல வசனம் காட்டற மாதிரி அட்டையில எழுதட்டும்.”

“அட்டையில எழுதினதை நான் எவ்வளவோ வெட்டிக் குப்பையில போட்டிருக்கேன்,” என்றாள் அவள். “இத்தனை வருஷமா இவர் வாய் அசையறதை மட்டும்தான் பாத்திருக்கேன். ஒரு தடவை சத்தத்தோட கேக்கணும். அவ்வளவுதான் என் ஆசை.”

அவள் அண்ணன் வாயையே பார்த்தபடி நின்றாள். அப்புறம் இடுப்பிலிருந்த கத்தரிக்கோலைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அண்ணன் இன்னும் மூச்சை இழுத்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் காலையில் பார்க்கிறேன், அதே மூச்சு. மார்பு நிறைந்திருந்தது, விடத் தொடங்கவில்லை. நடக்கவிட்டால் அடுத்த மாதம்தான் ஸ்டேஷன் போய்ச் சேர்வார் என்று, மூட்டை தள்ளுகிற வண்டி ஒன்றைப் பிடித்து அவரை நிற்கவைத்தே தள்ளிக்கொண்டு போனேன். வழியில் ஒருவர், “சிலை எங்கே திறக்கறாங்க?” என்று கேட்டார்.

கத்தரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் கீழே இறங்கி வந்தாள். அண்ணன் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தைத் துண்டு துண்டாக அவளைவிட அறிந்தவர் உலகத்தில் கிடையாது.

“வருது அக்கா,” என்றேன் நான். “இடது கன்னத்தைப் பாருங்க, அசையுது.”

“தெரியுது,” என்றாள். “உதடு பிரியறதுக்கு முன்னாடி எப்பவும் அங்கேதான் ஆரம்பிக்கும்.”

கார்டு விசில் ஊதினார். அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள், ஒரு காலைப் பிளாட்பாரத்திலேயே வைத்திருந்தாள். நான் ஓடிப்போய்க் கார்டின் கையைப் பிடித்தேன்.

“சார், ஒரே ஒரு வார்த்தை. பாதி தூரம் வந்துடுச்சு.”

“வண்டிக்கு நேரமாச்சுப்பா. வார்த்தையை அடுத்த வண்டியில அனுப்பு.”

வண்டி நகர்ந்தது. அண்ணனுடைய உதடு பிரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். நான் சத்தியமாகச் சொல்கிறேன், பார்த்தாள். பிளாட்பாரத்திலிருந்த காலை அவள் கடைசி நொடி வரைக்கும் எடுக்கவில்லை. வண்டிதான் எடுத்துக்கொண்டு போயிற்று. படியில் நின்றபடி, கையை ஆட்டாமல், வாயைப் பார்த்துக்கொண்டே சின்னதாகிப் போனாள்.

புகை கலைந்தது. கூட்டம் கலைந்தது. பெஞ்சுகளின் நிழல் நீண்டது. அப்போது என் அண்ணன் சொன்னார். கனமான, நல்ல குரல். அதற்கு முன்னால் அந்தக் குரலை அப்படி யாரும் கேட்டதில்லை.

“போகாதே.”

பிளாட்பாரம் பெருக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “நான் எங்கேயும் போகலையே சார்,” என்றார்.

அதற்குப் பிறகு அண்ணன் நடிக்கவுமில்லை, எழுதவுமில்லை. கத்தரி ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுப்பதாகவும், அளவு தப்பாமல் வெட்டுவதாகவும் யாரோ வந்து சொன்னார்கள். அண்ணன் அதைக் கேட்டுத் தலையாட்டினார். சொன்னவர் போன பிறகும் வெகுநேரம் தலை ஆடிக்கொண்டிருந்தது. வயதானதும் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாயிற்று. கூட இருந்தவர்களெல்லாம் முழங்கால் வலியோடும் மூச்சிரைப்போடும் ஒவ்வொருவராக அவருடைய வேகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பூங்காவில் எல்லாக் கிழவர்களோடும் சேர்ந்து நடக்கும்போது அவரிடம் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வந்த யாராவது செருப்பை மாட்டிக்கொள்ளக் குனிந்தால் மட்டும் அந்த இடது கன்னம் அசையத் தொடங்கும். அவர்கள் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் நிற்காது.

ஒன்றே ஒன்று பாக்கி. எனக்கு அண்ணன் கிடையாது. எங்கள் அம்மா பெற்றது என்னை ஒருத்தனைத்தான். நீங்கள் கிளம்பச் செருப்பை மாட்டும்போது என் இடது கன்னத்தைப் பாருங்கள்.