மாப்பிள்ளையின் படிப்புக் கடன்

எட்டு மணித்தியாலம் தொழிற்சாலையில் நின்றே பெட்டி அடைத்த கால்கள். குதிக்கால் நிலத்தில் படும்போதெல்லாம் ஆணி ஏறியதுபோல் வலித்தது. வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்த யூஜினி, உள்ளே எமில்டாவின் குரல் கேட்டு அப்படியே நின்றாள். அவளைப் பெண் கேட்டிருந்த லெஸ்லியின் தாய்தான் எமில்டா.

"நாங்கள் சீதனம் வாங்கிற ஆக்களில்லை அண்ணை. கனடாவிலை ஆர் உதெல்லாம் கேக்கிறது? பெடியன் யூனிவேர்சிற்றிக்கு எடுத்த அரசாங்க லோன் பதினெட்டாயிரம் நிக்குது. அதைக் கட்டிவிட்டால் போதும்."

"ஓம் தங்கச்சி. அதிலை ஏழாயிரம் தந்திட்டன்தானே. மிச்சத்தையும் பாப்பம்" என்றார் தகப்பன் அன்புராசா.

யூஜினிக்குக் கால்வலி மறந்துபோனது. அந்த ஏழாயிரம் அவள் மூன்று வருடம் சீட்டுக் கட்டி எடுத்த காசு. நேர்ஸிங் படிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. குமர்ப்பிள்ளைக்குத் தனிக் கணக்கு எதற்கென்று அப்பா சொன்னதால் அவருடைய கணக்கில் போட்டிருந்தாள்.

"அப்பா, அது என்ரை படிப்புக் காசு" என்றபடி உள்ளே போனாள்.

"கலியாணம் முடிச்சுப் படிக்கலாம் பிள்ளை."

யூஜினி எமில்டாவின் பக்கம் திரும்பினாள். "லெஸ்லி இப்ப என்ன வேலை அன்ரி?"

"தேடிக்கொண்டிருக்கிறான்."

"படிச்சது அவர். கால் வீங்க நிண்டு கடன் கட்டிறது நானோ? எனக்கு உந்தக் கலியாணம் வேண்டாம். காசைத் தாங்கோ."

எமில்டா கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "வாயைப் பாருங்கோ அண்ணை! இனி உவளை ஆர் கட்டுவான்? காசு லோனுக்குக் கட்டியாச்சு. வேணுமெண்டால் அரசாங்கத்திட்டைப் போய்க் கேளடி!"

கதவு அடித்துச் சாத்தப்பட்டது. யூஜினி தன் பெயருக்கு வந்திருந்த மாணவர் கடன் விண்ணப்பத்தை எடுத்துத் தகப்பனின் முன்னால் வைத்தாள்.

"உங்கடை வருமானத்தை எழுதிச் சைன் வையுங்கோ."

"கடனோ? கடன்பட்ட பெட்டையை எவனடி எடுப்பான்?"

"கடன்பட்ட லெஸ்லியை நீங்கள் எடுக்கேல்லையே? பதினெட்டாயிரம் குடுக்கிறனெண்டு?"

அன்புராசா அவளைப் பார்க்காமலே பேனையை எடுத்தார்.

செப்ரெம்பரில் யூஜினி கல்லூரிக்குப் போனாள், சனி ஞாயிறுகளில் அதே தொழிற்சாலைக்கு. பூசை முடிந்த தேவாலய வாசலில் காசைக் கேட்டால், எமில்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறிவிடுவாள். அடுத்த சித்திரையில் லெஸ்லிக்கு மார்க்கம் நகரத்தில் வேறொரு பெண்ணோடு கலியாணம் நடந்தது. அங்கேயும் சீதனம் இல்லையாம், பெடியனின் லோன் மட்டுந்தானாம். கேட்டது பதினெட்டாயிரம். ஏற்கெனவே கட்டியாச்சென்ற ஏழாயிரத்தில் ஒரு சதங்கூடக் குறைக்கவில்லை.

யூஜினிக்கு எமில்டா தரவேண்டியது ஏழாயிரம் டொலர்.