காற்றில் பிடித்த பாவு

தீபாவளி முடிந்த மறுவாரம் புருஷன் நஞ்சப்பன் காந்தலூருக்குப் போனதிலிருந்து முத்தாத்தாளுக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே அவர்களுக்கு நாலு ஏக்கர் பருத்திக்காடு இருந்தது. இரண்டு வருஷமாகக் கிணற்றில் சேறுதான் மிச்சம். மறையூருக்கு மேலே காந்தலூர் மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் நன்றாக வருகிறது, நிலம் குத்தகைக்குக் கிடைக்கிறது என்று யாரோ சொன்னார்கள். "போய்ப் பாத்துப்போட்டு எழுதறேன், நீ ஊட்டப் பாத்துக்க" என்று ஒரு பையோடு பஸ் ஏறியவன்தான். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று, கடுதாசி வரவில்லை.

உலையை வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். தபால்காரர் சைக்கிள் திரும்பும் முக்கையே பார்த்துக்கொண்டு நிற்பாள். உள்ளே போவாள், திரும்ப வருவாள். மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டோமா என்று சந்தேகம் வந்து, போட்டதன் மேலேயே இன்னொரு கட்டைப் போடுவாள். பக்கத்துக் காட்டுக்காரி கேட்டால், "அவரு நல்லா இருக்கறாருங்க, கடுதாசி வந்துது" என்று பொய் சொல்வாள். சொன்ன பிறகு அன்றைக்குச் சோறு இறங்காது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் ஒரு போக்கிடம் இருந்தது. கல்பாத்தியில் பிறந்த சேஷம்மாள், கணவருக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் வேலை மாற்றலாகிக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தவள், காலியாகக் கிடந்த ஒரு கடலைக் குடோனைக் கேட்டு வாங்கி, சுற்றுவட்டாரத்தில் கைவேலை தெரிந்த பெண்களைச் சேர்த்திருந்தாள். பதினோரு பேர் வந்தார்கள். ஒருத்தி ஈச்சம்பாய் முடைவாள், ஒருத்திக்குச் சாயம் போடத் தெரியும். சேஷம்மாளுக்குக் கம்பளி நூல் பின்னல். முத்தாத்தாள் கற்றாழை நாரில் திரிக்கும் கயிற்றை யாரும் குறை சொல்ல முடியாது. தெரிந்ததைக் காட்ட வேண்டும், தெரியாததைக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அங்கே சட்டம்.

கேரளம் என்று புது ராஜ்ஜியம் பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாசியில் பாலக்காட்டுக் கோட்டை மைதானத்தில் கைத்தொழில் கண்காட்சி நடக்கப்போவதாக சேஷம்மாள் செய்தி கொண்டுவந்தாள். சொந்தப் பருத்தியில் பதினோரு பேரும் நூற்று, ஒரே விரிப்பாக நெய்து அங்கே தொங்கவிடுவது என்று முடிவாயிற்று. நெய்வது குப்பண்ணன். குழித்தறி வைத்திருக்கிறவர். அவர் மனைவி கருப்பாத்தாள் கூட்டத்தில் ஒருத்தி.

தை மாதம் நூலைப் பார்வையிடக் குப்பண்ணன் குடோனுக்கு வந்தார். நூல் கட்டுகளைச் சிட்டம் சிட்டமாக எடுத்து, இழையைப் பிரித்து இழுத்துப் பார்த்தார். ஒரு சிட்டம் மூன்று இடத்தில் அறுந்தது.

"இது யாரு நூத்ததுங்க?"

"நானுங்க" என்றாள் முத்தாத்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க. ஒரு சாண் தலைமசுராட்ட இருக்குது, அடுத்த சாண் கவுறாட்ட இருக்குது. பாவுக்கு ஆகாதுங்க. ஊடைக்கு வேணாப் போட்டுக்கலாம்."

பாவு என்பது தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டுகிற நூல். அது அறுந்தால் தறி நிற்கும். குறுக்கே ஓடுகிற ஊடைக்கு அத்தனை பலம் வேண்டாம். அவர் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கே தெரியும். ராட்டை சுற்றும்போது பாதி நேரம் அவள் கண் கதவில்தான் இருந்தது. மற்ற பத்துப் பேரும் குனிந்து தங்கள் நூலையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

கருப்பாத்தாள் பின்னாலேயே வந்தாள். முத்தாத்தாளைவிட நாலைந்து வயது இளையவள்.

"ஏனுங்கக்கா, நடப்பீங்களா?"

"எங்க நடக்கறது?"

"பாவோட்டத்தானுங்க. எங்கூடப் பாவோட்டற நாத்தனா பிரசவத்துக்குப் போயிட்டா. கூட்டத்துல யாரக் கேட்டாலும் கால் நோவுதுங்கறாங்க. நீங்கதான் ஒக்கார மாட்டேங்கறீங்களே."

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை. நிஜமாகவே ஆள் வேண்டியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் நெசவாளர் வீதி நெடுகக் குச்சிகள் நட்டார்கள். இரண்டு கையிலும் நூல் ஓடவிட்டு, குச்சிக்குக் குச்சி மாற்றிப் போட்டபடி வீதிக் கோடி வரை நடந்து திரும்ப வேண்டும். அப்படி நானூறு நடை. முத்தாத்தாள் முதல் நாள் ஓடினாள். சாயங்காலம் பார்த்தால் ஒரு பக்கம் நூல் தொய்ந்து கிடந்தது. அத்தனையும் பிரித்தார்கள்.

"காலு எப்படி வேணாப் போகட்டுங்கக்கா. கை மட்டும் ஒரே சீரா இருக்கோணும். எருமையப் புடிச்சுட்டுப் போறாப்பல இழுக்காதீங்க, கொழந்தையக் கூட்டிட்டுப் போறாப்பலப் போங்க."

இரண்டாம் நாள் கொஞ்சம் வந்தது. மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு மேல், தபால்காரர் இரண்டு தரம் வீதியைக் கடந்ததையே அவள் கவனிக்கவில்லை. அவள் வீட்டில் இல்லாததால், வீதிக் கோடியில் நின்ற கருப்பாத்தாளிடம் கடுதாசியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

எழுத்துத் தெரியாத முத்தாத்தாள் அதை எடுத்துக்கொண்டு சேஷம்மாளிடம் ஓடினாள். சேஷம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள்.

"மண் வீடு ஒண்ணு கெடைச்சிருக்காம். பூண்டு நட்டாச்சாம். வர புதன்கிழமை தானே வந்து அழைச்சுண்டு போறாராம், சாமானெல்லாம் கட்டி வெக்கணுமாம்." கடுதாசியை மடித்தாள். "முத்தாத்தா, நீ ஊரை விட்டுப் போகப் போறேன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"எனக்கே தெரியாதுங்க மாமி."

மூன்று மாதம் எதற்காக வாசலில் நின்றாளோ அது கையில் இருந்தது. அவன் உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதி ஒரு நிமிஷம் வந்தது. அடுத்த நிமிஷமே விரலில் நாளை எண்ணினாள். புதன்கிழமைதான் பாவுக்குக் கஞ்சி போடுகிற நாள்.

"பதில் எழுதுங்க மாமி. பாவு வீதியில இருக்குது, அதத் தறியில ஏத்தாம வரமுடியாதுன்னு எழுதுங்க."

"நாளைக்குத் தபால்ல போட்டாலும் புதன்கிழமைக்குள்ள அங்க போய் எத்தாது, கேட்டயா. அதுக்குள்ள அவர் பொறப்பட்டுடுவார்."

"பரவால்லீங்க. எழுதினேன்னு எனக்கு இருக்கோணும்."

சேஷம்மாள் எழுதினாள். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் தலையிடுகிறோமோ என்று ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தாள்.

புதன்கிழமை காலையில் பாவை வீதியில் விரித்து, இரண்டு தலைப்பிலும் கழி கோத்து, கயிறு போட்டு முளையில் இழுத்துக் கட்டினார்கள். அரிசிக் கஞ்சியைத் தடவி, வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகக் கோதி உலர்த்த வேண்டும். கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பாதிக்கு மேல் கோதியிருப்பார்கள். கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று கிளம்பியது. தை மாதத்தில் அந்தச் சீமையில் வீசுகிற காற்று கூரையையே பிய்த்துவிடும். பாவு படகுப் பாய் போல உப்பியது. மேற்குக் கோடியில் முளை பெயர்ந்து கழி சாய்ந்தது.

அந்த நேரம் பார்த்து நஞ்சப்பன் அந்தப் பக்கமாக வந்தான். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு, கோபத்தோடு வந்தவன். கழி சாய்வதைக் கண்டு தன்னை அறியாமல் பிடித்துவிட்டான்.

கிழக்குக் கோடியிலிருந்து முத்தாத்தாளின் குரல் வந்தது. "ஏனுங்க, கைய உட்றாதீங்க. உட்டா எல்லாம் சிக்கிப் போயிருமுங்க."

"ஏ புள்ள, சாமான் கட்டியாச்சா?"

"இல்லீங்க."

"கடுதாசி வந்துதா இல்லியா?"

"வந்துதுங்க. மூணு மாசம் கழிச்சு வந்துது."

பாவின் ஒரு தலைப்பில் அவன், மறு தலைப்பில் அவள். நடுவில் பத்துப் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு கோதினார்கள். கழியை விட முடியாமல் அவன் காலை அகட்டி நின்றான். சாய்ந்த கழியை நிமிர்த்திப் பிடித்தான். பிறகு, முன்னைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னான்:

"மொத நட்ட கெழங்கு அத்தனையும் பனியில அழுகிப் போச்சு. அத எப்படி எழுதறது? ரெண்டாவதா நட்ட பூண்டு மொளைக்கட்டும்னு இருந்துட்டேன்."

அவ்வளவு தூரத்துக்கு அது சரியாகக் கேட்கவில்லை. நடுவில் நின்ற கருப்பாத்தாள் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னாள். முத்தாத்தாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கை இல்லை.

"அழுகிப் போச்சுன்னே எழுதியிருக்கலாமுங்க. நான் என்னென்னமோ நெனச்சுப்போட்டேன்" என்றாள். அதையும் கருப்பாத்தாள் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

காற்று அடங்க உச்சிப்பொழுதானது. ஏழெட்டு இழைதான் அறுந்திருந்தது. கழியை இறக்கி வைத்தபோது நஞ்சப்பனின் உள்ளங்கை கன்றிப் போயிருந்தது. யாரோ மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "எத்தன நாளு வேணும்?" என்று கேட்டான்.

"தறியில ஏத்தி நாலு மொழம் ஓடட்டுங்க. எட்டு நாளு."

பூண்டுக்குத் தண்ணீர் கட்ட ஆளில்லை என்று அவன் மறுநாளே திரும்பினான். போகும்போது முகம் கொடுத்துப் பேசவில்லை. எட்டாம் நாள் அவள் தானே உடுமலைப்பேட்டை வழியாகப் பஸ் ஏறி மறையூரில் இறங்கினாள். கண்காட்சியை அவள் பார்க்கவில்லை. விரிப்பை ஜனங்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்ததாகவும், இந்தக் கூட்டம் எந்த ஊர் என்று விசாரித்ததாகவும் சேஷம்மாள் கார்டு போட்டிருந்தாள். அடியில் கருப்பாத்தாள் சொன்னதாக இரண்டு வரி: சித்திரையில் அடுத்த பாவு, நாத்தனாருக்குக் கைக்குழந்தை, ஆள் இல்லை.

மலையில் குளிர் எலும்பைத் துளைத்தது. பக்கத்தில் பேச்சுத்துணைக்கு ஒரே வீடு. பூண்டு நன்றாக வந்தது. கிண்டி எடுத்து, காயவைத்து, கட்டி முடித்ததும் முத்தாத்தாள் கேட்டாள்.

"போயிட்டு வரட்டுங்களா?"

"அடுத்த நடவு ஆளுகளுக்குச் சோறு யாரு ஆக்கறது?"

"பக்கத்தூட்டு அக்காகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க."

நஞ்சப்பன் மறையூர் வரை கூட நடந்து வந்தான். தோளில் ஒரு மூட்டைப் பூண்டு. பஸ்ஸின் மேல் அதை ஏற்றிக் கட்டிவிட்டு, ஜன்னலருகே வந்து நின்றான்.

"அந்தப் பத்துப் பேருக்கும் பிரிச்சுக் குடு. எட்டு நாளுன்னா எட்டு நாளுதான்."

"அது காத்தப் பொறுத்துதுங்க" என்றாள். பஸ் கிளம்பியது.