துஷாந்திடம் யார் கேட்பது?

1

இந்தக் கதை என் அசட்டுத்தனத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதுளை பஜாரில், காது கேளாத தையற்காரர் ஷுக்ரியின் கடையில், காற்சட்டைக்கு அளவு கொடுத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நடக்கும் தையல் வகுப்பைப் பற்றி விசாரிக்க, தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நிரஞ்சலா வந்தாள். அவளுக்கும் காது கேளாது. இருவரும் கையாலேயே வெளுத்துக் கட்டப்போகிறார்கள் என்று நான் ஆவலாகப் பார்த்தால், ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கவில்லை. உங்களுக்கெல்லாம் ஒரே பாஷைதானே என்று எழுதிக் கேட்டேன். ஷுக்ரி அளவுத் தாளின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினார்:

"நீங்களும் சிங்கள ஆக்களும் வாயாலதான் பேசுறீங்க. ஏன் ஒரே பாஷை இல்ல?"

(இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதுவது ஒரே ஆங்கிலம், கைமொழிகள் வேறு வேறு. இதைப் பிறகுதான் படித்தேன். வெட்கமாக இருந்தது.)

2

மௌன உலகில் வாழ்ந்த நிரஞ்சலா ஒரு நாள்...

வேண்டாம். அவள் சரியான வாயாடி. கடையில் அவள் பேசியது, காது கேளாத அண்ணன் துஷாந்தும் அவளும் தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையில் சின்ன வயதிலிருந்தே தாங்களாக உண்டாக்கிய கைமொழி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒரு சைகை, கங்காணியின் தொந்திக்கு ஒன்று. உலகத்தில் அதைப் பேசுகிறவர்கள் இரண்டே பேர்.

3

காது கேளாத பெண்களுக்கான தையல் வகுப்பு அது. ஆறு மாதம் பதுளையிலேயே தங்க வேண்டும். முப்பது சிநேகிதிகள், புதிய மொழி. அவள் போய்ச் சேரட்டும் என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டே போனேன். அவள் அம்மா பெரியாயி குறுக்கே வந்து நின்றாள். சோறு, வா, தூங்கு இவற்றைத் தவிர வேறு சைகை தெரியாதவள்.

"இவ போயிட்டா அவன் யாரோடங்க பேசுவான்?"

முடிவு ஒன்று: நிரஞ்சலா போகிறாள். துஷாந்த் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வந்து சுவரைப் பார்த்து... (எழுத மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: அவள் நின்றுவிடுகிறாள். இது அவளுக்குச் செய்கிற அநியாயம்.

எனக்குத் தலை சுற்றியது.

4

இதுவரை எழுதியதை ஷுக்ரியிடம் காட்டினேன். கடைசித் தாளின் அடியில் எழுதினார்: "எல்லாரும் துஷாந்தப் பத்திப் பேசுறீங்க. அவர்ட்ட யாராச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்கக்கூடியவள் நிரஞ்சலா ஒருத்திதான். போக ஆசைப்படுகிறவளும் அவள்தானே!

கதைக்குள், லயத்துக்குத் திரும்ப ஓடினேன். வாசலில் அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் கேட்டுவிட்டாள். அவன் நீளமாகப் பதில் சொல்கிறான். ஓரிடத்தில் சிரிக்கிறான், ஓரிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். பெரியாயி என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்.

"என்னங்க சொல்றான் எம்புள்ள?"

எழுதுகிறவன் நான்தான். எனக்கும் விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கினால், தயவுசெய்து அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்.