அவுட் இல்லாத மானிட்டர்

மோகனுக்கு,

நீ போனில் அனுப்பியது ஒரே வரி: கேமரா மேலே மாட்டுகிற மானிட்டர், பத்தாயிரத்துக்குள் எது தேறும் என்று. அதற்கு ஒரே வரியில் பதில் எழுத என்னால் ஆகவில்லை. அதனால் தாள் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். முதலில் உனக்கு வேண்டியதை எழுதி, பிறகு எனக்கு நடந்ததை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டும் பிரிய மாட்டேன் என்கிறது. பொறுத்துப் படி.

கடைக்குப் போகும் முன்னால் உன் கேமராவின் பக்கத்து மூடியைத் திறந்து, படம் வெளியே போகிற போர்ட் எத்தனை என்று பார். எங்கள் ஸ்டுடியோ கேமராவில் ஒன்றுதான். அந்த ஒன்றை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா என்றும் கேட்டுக்கொள். நான் கேட்கவில்லை.

உனக்கு முப்பது வயது. மானிட்டர் உனக்கு ஒரு வசதி. எனக்கு அப்படியில்லை. போன ஆவணியிலிருந்து கேமராவில் இருக்கிற மூன்று அங்குலத் திரை எனக்குக் கலங்குகிறது. மேடையில் பெண்ணின் மூக்குத்தி தெரியும். மண்டபக் கோடியில் தொங்குகிற கடிகாரத்தில் மணி தெரியும். முழங்கை தூரத்தில் இருக்கிற திரை மட்டும் தண்ணீருக்குள் கிடப்பது போல இருக்கும். நாற்பத்தாறு வயதில் எல்லோருக்கும் வருவதுதான். கேமராதான் தானே போகஸ் பிடிக்குமே என்பாய். பிடிக்கும். ஆனால் தெலுங்குக் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்தில் அதை அணைத்துவிட வேண்டும் என்பது எங்கள் ஸ்டுடியோ சட்டம். இங்கே மணமக்களுக்கு நடுவே ஒரு துணியைப் பிடித்திருப்பார்கள். ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் அரைத்த விழுதை வைத்ததும் துணி இறங்கும், முகம் பார்த்துக்கொள்வார்கள். அதே நொடியில் நாலாபக்கமும் இருந்து அட்சதை வந்து விழும். கேமராவை அதன் போக்கில் விட்டால் முகத்தை விட்டுவிட்டுப் பறக்கிற அரிசியைப் பிடிக்கப் போய்விடும். அதனால் கையால்தான் பிடிக்க வேண்டும்.

ஆவணியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என்று இரண்டு கல்யாணத்தில் எனக்கு முகம் தவறிப்போனது. ஒன்றில் புரோகிதரின் தோள் தெளிவாக விழுந்தது, பெண் மங்கலாகிவிட்டாள். முதலாளி ராகவேந்திரா கேட்டதற்கு லென்ஸ் மேல் பழி போட்டேன். அவர் லென்ஸைப் பழுதுபார்க்க அனுப்பினார். குறை ஒன்றுமில்லை என்று எழுதித் திரும்பி வந்தது. இனி பழி போட என்னிடம் பொருள் எதுவும் மிச்சமில்லை.

கண்ணாடி போட்டுக்கொள் என்பாய். அதைச் சொல்ல கணேஷ்குமார் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இங்கே முதல் கேமரா அவர்தான். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழர். நாலு வருஷம் முன்னால் மூக்கில் கண்ணாடி ஏறியது. அடுத்து படத்தில் மங்கல் ஏறியது. ஒரு நாள் ராகவேந்திரா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பெண் ஏன் இப்படி இருக்கிறாள் என்று பொதுவாகக் கேட்டார். அருகில் நின்ற நான் படத்தை நிறுத்தி, பெரிதாக்கி, போகஸ் எங்கே விழுந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். மறு வாரம் அவரைக் கீழே கௌண்டரில் உட்கார வைத்தார்கள். எடுத்த படத்தை கார்டிலிருந்து இறக்கி பென்டிரைவில் ஏற்றித் தருகிற வேலை. முதல் கேமராவுக்கு ஸ்டுடியோவின் மாடி வீடு உண்டு என்பது இங்கே பழைய ஏற்பாடு. அவர் வீட்டைக் காலி செய்தார். நானும் ஷோபாவும் மகள் தாரிணியும் குடி வந்தோம். எங்கள் மாடிப்படி அந்தக் கௌண்டரை ஒட்டித்தான் ஏறுகிறது. நாலு வருஷமாக ஒரு நாளைக்கு நாலு தடவை அவரைத் தாண்டித்தான் ஏறி இறங்குகிறேன். கண்ணாடியோடு தாண்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

மானிட்டர் என்றால் யாரும் கண்ணை நினைக்க மாட்டார்கள். புது சாமான், அவ்வளவுதான். அதனால் வாங்கப் புறப்பட்டேன்.

இனி உனக்கு. ஏழு அங்குலம் பார்க்க ஆசையாக இருக்கும். கேமரா தலைகனத்துத் தொங்கும். ஐந்தரை போதும். மண்டபத்துக்குள் எது வாங்கினாலும் தெரியும். வெயிலில் எடுப்பாயானால் கடை வாசலுக்கு எடுத்துப் போய், வெயிலில் நிறுத்திப் பார்த்துவிட்டு வாங்கு. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிற வெளிச்சக் கணக்கை நம்பாதே. உன் லைட்டுக்குப் போடுகிற பேட்டரியே அதற்கும் சேர வேண்டும். தெளிவாக இருக்கிற இடத்தில் ஓரம் கட்டிக் காட்டுகிற கோடு ஒன்று வரும், அதற்கு நிறம் மாற்ற முடிய வேண்டும். சிவப்பு வைத்தால் கூறைப்புடவையில் கரைந்துவிடும், பச்சை வைத்தால் மாவிலையில். நான் நீலம் வைத்தேன்.

இவ்வளவும் பார்த்தவன் ஒன்றைக் கோட்டை விட்டேன். கடையில் இரண்டு எடுத்து வைத்தார்கள். ஒன்றில் படம் உள்ளே வர மட்டும் வழி. இன்னொன்றில் உள்ளே வந்த படம் மறுபடி வெளியே போகவும் ஒரு போர்ட். அவுட் என்று போட்டிருந்தது, விலை மூவாயிரம் கூட. அது எதற்கு என்றேன். பெரிய ஷூட்டிங்கில் டைரக்டர் தனியாகப் பார்க்க, உங்களுக்கு டைரக்டர் இருக்கிறாரா என்று சிரித்தார் கடைக்காரர். நானும் சிரித்துக்கொண்டே மலிவானதை வாங்கி வந்தேன்.

வீட்டில் ஷோபா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் கேமராவைத் திருப்பினேன். நீலக்கோடு அவள் கண் இமையில் வந்து நின்றது. காதோரம் நரை தெரிந்தது. "நரைச்சிட்டே" என்றேன்.

"ரெண்டு வருசமா நரைச்சுத்தான் கெடக்கு. இப்பத்தான் தெரியுதாக்கும்?" என்றாள்.

அதற்குப் பிறகு மல்லாபூரில் இரண்டு சின்னக் கல்யாணம். இரண்டும் கண்ணாடி துடைத்தது போல வந்தன. ராகவேந்திரா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நல்லது என்று பொருள். மூன்றாவது பேகம்பேட்டில், பெரிய மண்டபம். காலை பத்து நாற்பதுக்கு முகூர்த்தம். மேடைக்கு எதிரே எனக்கு மரப்பலகையில் ஒரு மேடு போட்டிருந்தார்கள். நான் ஏறி நின்றதும் உறவுக்காரர்கள் நாற்காலிகளை இழுத்துப்போட்டு நாலு பக்கமும் அடைத்துவிட்டார்கள். இறங்கவும் வழியில்லை.

பத்தரைக்கு இர்பான் வயரைப் பிடித்துக்கொண்டு நாற்காலிகளுக்கு மேலே தாண்டி வந்தார். மேடைக்கு இரண்டு பக்கமும் எல்.இ.டி சுவர் வைத்து, பின்வரிசைக்காரர்களுக்குக் கல்யாணத்தைப் பெரிதாகக் காட்டுகிறவர் அவர். அந்தப் படம் என் கேமராவிலிருந்துதான் போகும். எத்தனையோ கல்யாணத்தில் அவர்தான் வயரைக் கொண்டுவந்து சொருகுவார், அவர்தான் பிடுங்குவார். எங்கள் தொழிலில் ஒருவர் வயரை ஒருவர் தொடுவதில்லை. அது எந்தத் துளைக்குள் போகிறது என்று நான் குனிந்து பார்த்ததே கிடையாது.

மானிட்டரின் வயரை இர்பான் விரலால் தட்டினார். "இதைக் கழட்டணும் பாய். எனக்கு இந்த ஓட்டைதான்."

மானிட்டரிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நக்கோ பாய். இதுல அவுட் இல்ல. கைக்கு வாங்குனீங்க இதை?" நக்கோ என்றால் முடியாது, கைக்கு என்றால் எதற்கு, இந்த ஊர் உருதுவில்.

ஒன்றை இரண்டாகப் பிரிக்கிற பெட்டி ஏதும் உண்டா என்றேன். உண்டாம், வேறு மண்டபத்தில் மாட்டியிருக்கிறதாம். இன்றைக்குச் சுவர் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பெண்ணின் தகப்பனார் சுவருக்காகத்தான் எங்கள் ஸ்டுடியோவைப் பிடித்தார். ராகவேந்திரா மேடையோரம் அவரோடுதான் நின்று பேசிக்கொண்டிருந்தார். சுவர் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நானே என் வயரைக் கழற்றினேன். இர்பான் அவருடையதைச் சொருகிவிட்டு, வந்த வழியே தாண்டிப் போனார். என் மானிட்டர் நீல நிறத்தில் 'சிக்னல் இல்லை' என்று காட்டிக்கொண்டு கேமரா தலையில் சும்மா உட்கார்ந்திருந்தது.

பத்து முப்பத்தெட்டு. துணியைப் பிடித்துவிட்டார்கள். சின்னத் திரையில் மஞ்சளும் சிவப்பும் கலந்த ஒரு சேறுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணை இடுக்கினேன், தலையைப் பின்னுக்கு இழுத்தேன், பின்னால் யாரோ ஓர் அம்மாளின் முழங்கால் இடித்தது. மேளக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வேறு வழியின்றித் தலையைத் தூக்கியபோது இடது பக்கச் சுவர் கண்ணில் பட்டது. பன்னிரண்டு அடி உயரத்தில் பெண்ணின் முகம். மங்கலான முகம். மங்கலாக இருக்கிறது என்பது எனக்குத் தெள்ளத்தெளிவாகத் தெரிந்தது.

கேமராவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருப்பினேன். கை திருப்பிய பிறகு அரை நொடி கழித்துத்தான் சுவரில் படம் மாறும். முதல் தடவை தாண்டிப் போய்விட்டது. திரும்பி வந்தேன், இந்தப் பக்கம் தாண்டியது. மண்டபத்தில் எண்ணூறு பேர் முன்னால் பெண்ணின் முகம் கரைவதும் சேர்வதுமாக இருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ராகவேந்திரா முதுகைக் காட்டி நின்றார். திரும்பிவிடாதே, திரும்பிவிடாதே என்று அவர் சட்டையின் தையலைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். மூன்றாவது தடவை இமை வந்தது, நெற்றிச்சுட்டி வந்தது. கையை எடுத்துவிட்டேன். துணி இறங்கியது. அரிசி பறந்தது. முகம் அப்படியே நின்றது.

நேற்று மத்தியானம் கார்டைக் கௌண்டரில் கொடுத்தேன். ராகவேந்திரா நாளைக்கு உட்கார்ந்து பார்ப்பார். கணேஷ்குமார் அண்ணன் அதைப் போட்டு ஓட்டினார். நான் படியேறப் போனேன்.

"நில்லு இளங்கோ" என்றார்.

நின்றேன். திரையில் பெண்ணின் முகம் கரைந்தது, சேர்ந்தது, கரைந்தது.

"பத்து செகண்ட் ஆடுது. சுவரைப் பாத்துப் பிடிச்சிருக்கே."

இல்லை என்று அவரிடம் சொல்ல முடியாது. அந்த ஆட்டத்தை அவர் கையே ஆடியிருக்கிறது. அவர் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வெட்டிடவா, விடவா?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேலே குக்கர் சத்தம் கேட்டது. தாரிணி ஏதோ தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தாள். விடுங்கள் என்ற வார்த்தை வாய் வரை வந்தது, மோகன். வந்தது என்பதை உன்னிடமாவது சொல்லி வைக்கிறேன்.

"வெட்டிடுங்க அண்ணே" என்றேன்.

வெட்டினார். இரண்டு தட்டு, அவ்வளவுதான். பிறகு என் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மானிட்டரை எடுத்து, மேசை மேலிருந்த பழைய கேமராவில் மாட்டி, சுவர் காலண்டரைப் பார்த்துத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். திரும்பப் போட்டுப் பார்த்தார். காலண்டரின் சின்ன எழுத்துகளில் நீலக்கோடு ஓடியது.

"நாலு வருசம் முன்ன இது கடையில இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஹவ்" என்றார். ஆமாம் என்பதற்கு இங்கே சொல்கிற வார்த்தை. மானிட்டரை அணைத்து, வயரை அழகாகச் சுற்றி, என் பையில் வைத்தார். பென்டிரைவ் ஏறி முடிந்ததும் அடுத்த கார்டைக் கேட்டார்.

ஆகவே நீ அவுட் உள்ளதையே வாங்கு. மூவாயிரத்துக்குப் பார்க்காதே. என்னை நினைத்துக் கவலைப்படாதே. படம் பிரிக்கிற பெட்டி ஒன்றை எனக்கென்றே எடுத்து வைக்கிறேன் என்று இர்பான் சொல்லிவிட்டார். இனி வருகிற கல்யாணங்களில் வயரால் எனக்குத் தொல்லை இருக்காது.

தபால்பெட்டி தெருமுனையில்தான் இருக்கிறது. கடைசியாக ஐந்து மணிக்கு எடுப்பார்கள், இப்போது நாலரை. அண்ணன் ஏழு மணிக்குத்தான் கடையை விட்டுப் போவார். அவர் போன பிறகு இறங்கிப் போடுகிறேன். ஒரு நாள் பிந்தி வரும்.

இளங்கோவன்