குதிகாலில் மண்

மதியச் சாப்பாட்டு நேரம் கடந்தும் செத்தவர்களின் வரிசை குறையவில்லை. மூங்கில் தட்டியின் இடுக்கில் கண்ணை வைத்து பார்மேன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். படிக்கட்டின் அடியிலுள்ள சிமெண்ட் தொட்டிக்குள் நீச்சல் வாத்தியார் நின்று, ஒரு காலால் மறுகாலைத் தேய்த்தார். அவருடைய கழுத்தில் ஒரு பக்கத்தைக் காணோம். ஆனால் கால் கழுவுவதில் ஒரு குறையும் இல்லை. பின்னால் ஹோட்டல் ஆட்களும் துண்டு கட்டிய விருந்தாளிகளும் வாய் பிளந்தபடி, ஒருவரையொருவர் இடிக்காமல், தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

மணலில் பாதியும் கடலில் பாதியுமாகத் தூண்கள்மேல் நிற்கிற அந்த மர பாருக்கு ஏறிவர ஒரே படிக்கட்டுதான். அதில் அவர்கள் ஏறாததற்குக் காரணம் பார்மேனின் மாமியார்.

பார் அவளுடையது. அதன் தரைக்கு அவளே முட்டி போட்டு எண்ணெய் தேய்ப்பாள். மண்ணுக் காலோடு எவரும் அதை மிதிக்கக்கூடாது. படியின் உச்சியில் நின்றுகொண்டு, வருகிறவரின் பாதத்தைப் பார்த்து, "குதிகால்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். கோட்டு சூட்டோடு வந்த கல்யாண மாப்பிள்ளையும் திரும்பிப் போய்க் கழுவியிருக்கிறார், போலீஸ் அதிகாரியும் கழுவியிருக்கிறார். தொட்டியருகே தள்ளுமுள்ளு செய்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எத்தனை கிளாஸ் உள்ளே போனது என்பதை மறந்தாலும் அந்தக் கடற்கரையில் யாரும் காலைக் கழுவ மறந்ததில்லை. உயிர் போனாலும் அந்தப் பழக்கம் போகாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கழுவி முடித்த நீச்சல் வாத்தியார் தொட்டியை விட்டு இறங்கினார். பாதம் மணலில் பதிந்தது. குனிந்து பார்த்தார். தொண்டைக்குள் ஏதோ உறுமிவிட்டு வரிசையின் கடைசிக்கு நடந்தார்.

தொட்டிக்கும் முதல் படிக்கும் நடுவே எப்போதும் ஒரு பலகை கிடக்கும். கழுவிய கால் அதை மிதித்து நேராகப் படியேறும். காலையில் கலவரம் தொடங்கியதும், பாரின் சமையல்காரனான மச்சினன் அந்தப் பலகையைத் தூக்கிவந்து ஜன்னலில் அடித்துவிட்டான். அதற்காக மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"உலகமே அழியுதும்மா, ஒரு பலகைக்குப் போய்த் திட்டுறியே!"

"அழியட்டும். என் பலகையில ஆணி அடிக்க உனக்கு யாருடா சொன்னது?"

இப்போது அந்தப் பலகை இல்லாததுதான் மூன்று பேரின் உயிரையும் பிடித்து வைத்திருந்தது. ஒரு காலடி மணலைத் தாண்ட முடியாமல் செத்த ஊர் சுற்றிச் சுற்றி வந்தது.

ஆனால் தொட்டியை விட்டு விலகினால் கதை வேறு. குடை வாடகைக்கு விடுகிறவர் காலையில் கரையோரமாக ஓடித் தப்பப் பார்த்தார். வரிசையிலிருந்து நாலைந்து பேர் பிரிந்து போனார்கள். அவர் அலறியது வெகுநேரம் கேட்டது. அவருடைய குடை ஒன்று இன்னும் விரித்தபடி அலையில் உருண்டுகொண்டிருந்தது.

பார்மேன் கண்ணைத் தட்டியிலிருந்து எடுத்துக் கடல் பக்கம் பார்த்தான். காலையிலிருந்து அவனுக்கு ஒரே பயம்தான். ஐஸும் கேஸ் சிலிண்டரும் வாங்க அவன் மனைவி படகை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போயிருந்தாள். எதுவும் தெரியாமல் திரும்பி வருவாள். படகுத்துறை வந்து சேர்கிற இடம் அந்தப் படிக்கட்டின் அடி. போனில் எச்சரிக்கலாமென்று மச்சினன் முதலில் கூப்பிட்டபோது அவளுடைய போன் பார் கவுண்டருக்குப் பின்னால், சார்ஜரில் செருகியபடியே, உற்சாகமாகப் பாடியது. கீழே அத்தனை தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. பார்மேன் பாய்ந்து அதன்மேல் விழுந்து வயிற்றால் அமுக்கினான்.

"இனிமே யாருக்காவது போன் பண்ணே, உன்னையே கீழ தள்ளிடுவேன்."

"எனக்கென்ன மச்சான் தெரியும், அக்கா போனை வச்சிட்டுப் போனது?"

இப்போது கடலில், வெயிலில் கண் கூசும் இடத்தில், அவள் படகின் ஆரஞ்சு நிறத் துணிக்கூரை தெரிந்தது.

"வர்றா," என்றான்.

மூவரும் கடல் பக்கத்து ஜன்னலுக்கு ஓடிக் கையை ஆட்டினார்கள், போ போ என்று. தூரத்தில் அவளும் ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். படகின் வேகம் கூடியது.

"சீக்கிரம் வான்னு கூப்பிடுறோம்னு நினைக்கிறாடா," என்றாள் மாமியார். அவள் குரல் நடுங்கி பார்மேன் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவன் தரையைப் பார்த்தான். பிறகு மாமியாரைப் பார்த்தான். சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லப் போகிறோம் என்று தெரிந்தே சொன்னான்.

"அத்தை, அவங்களை உள்ள விட்டுடலாம்."

"யாரை?"

"கீழ நிக்கிறவங்களை. பலகையைப் போட்டா எல்லாரும் மேல வந்துடுவாங்க. கீழ காலியாயிடும். நாம சமையல்கட்டுத் தரைக்கதவு வழியா கடல்ல இறங்கிப் படகைப் பிடிச்சிடலாம்."

"என் தரைமேலயா, மாப்பிள்ளை?"

"அத்தை, உங்க பொண்ணு வர்றா."

எண்ணெய் மினுங்கும் பலகைகளை அவள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். "பிடுங்குடா அதை," என்றாள் மகனிடம்.

மச்சினன் கறிவெட்டும் கத்தியை இடுக்கில் செருகி நெம்பினான். பலகை திடீரென்று கழன்று அவன் பாதத்தில் விழுந்தது. வாயில் அடுப்படித் துணியைத் திணித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தான்.

பலகையோடு பார்மேன் படியிறங்கினான். பாதி இறங்கியதுமே நாற்றம் முகத்தில் அறைந்தது. வெயில் தடுக்கும் களிம்பின் வாசனை, அதற்கடியில் கெட்டுப்போன இறைச்சி. தொட்டிக்குள் ஹோட்டல் வரவேற்பறைப் பெண் நின்றிருந்தாள். பெயர்ப் பட்டை நேராக இருந்தது, தாடை கோணியிருந்தது. அவன் கடைசிப் படியில் குந்தி, மணலில் விரல்கூடப் படாமல், பலகையை மெல்ல நீட்டினான். அது தொட்டியின் விளிம்பில் தட்டி நின்றது. கைநீட்டும் தூரத்தில் அவளுடைய வெளிறிய கண்கள் பலகையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தன. ஈரக் கால் ஒன்று தொட்டியிலிருந்து எழுந்து பலகைமேல் பதிந்தது.

அவன் பின்பக்கமாகவே ஏறினான். முதுகைக் காட்டத் தைரியம் வரவில்லை. மேலே வந்ததும் மிச்சமிருந்த ஐஸை மது கலக்கும் ஷேக்கரில் போட்டுக் குலுக்கினான். அந்தச் சத்தத்துக்குக் கடற்கரை முழுவதும் திரும்பியது.

அவர்கள் வந்தார்கள். சப்பக் சப்பக்கென்று ஈரப் பாதங்களோடு ஏறிவந்து, அவரவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்கள். கவுண்டர் முனையில் தினமும் உட்காரும் மீசைக்காரர் தன் ஸ்டூலில் ஏறி, இல்லாத விரலால் கவுண்டரைத் தட்டினார். பார்மேனின் கை தானாகவே ஒரு கிளாஸை எடுத்து அவர்முன் வைத்தது. வைத்த கையை அவர் உற்றுப் பார்த்தார். உதடு பின்வாங்கிப் பல் தெரிந்தது. அவன் ஷேக்கரைக் கவுண்டரில் விட்டுவிட்டு சமையல்கட்டுக்குள் நழுவினான்.

மாமியாரும் மச்சினனும் ஏற்கெனவே இறங்கியிருந்தார்கள். பாரின் அடியில் மார்பளவுத் தண்ணீர். தலைக்குமேல் பலகைகள் கிறீச்சிட்டன.

"மேசையை இழுக்கிறாங்க," என்று மாமியார் கிசுகிசுத்தாள். "கீறல் விழும்."

"அத்தை, சத்தம் போடாதீங்க."

தூண்களின் நடுவே ஊர்ந்து படகுத்துறையின் பக்கம் வந்து பார்மேன் எட்டிப் பார்த்தான். படகு கட்டியிருந்தது. அவள் அதில் இல்லை.

பாரில் அத்தனை கூட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவள், ஐஸ் இல்லாமல் ஆட்கள் காத்துக் கிடக்கிறார்கள் என்று எண்ணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அம்மா வளர்த்த பெண். ஐஸ் உருகினாலும் பரவாயில்லை என்று தொட்டிக்குள் நின்று காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், வரிசையில் கடைசியாக, நீச்சல் வாத்தியார் நின்றிருந்தார்.

அவருடைய வாய் அவள் பிடரிக்கு ஒரு சாண் தூரத்தில் திறந்து மூடியது. ஆனால் தள்ளவில்லை. அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

பார்மேன் தண்ணீரிலிருந்து தலையை நீட்டினான். "திரும்பாதே," என்றான் மெதுவாக. "கழுவறதை நிறுத்தாதே."

"அங்க என்ன பண்றீங்க? நனைஞ்சு போய்... மேல எவ்வளவு கூட்டம்!"

"இன்னொரு தடவை கழுவு. நல்லாத் தேய்."

"ரெண்டு தடவை கழுவியாச்சு. இது என்ன நாத்தம்?" அவள் மூக்கைச் சுளித்தாள். தண்ணீரில் தன் நிழலின்மேல் இன்னொரு நிழல் விழுந்திருப்பதைப் பார்த்தாள். அந்த நிழலின் கழுத்து ஒரு பக்கம் சரியாக இல்லை. அவள் முகம் வெளிறியது. கால் மட்டும் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

படகுத்துறைக்கு அவள் நாலு எட்டு மணலைத் தாண்ட வேண்டும். தொட்டியை விட்டு விலகியதில்தான் குடைக்காரர் போய்ச் சேர்ந்தார். பார்மேன் தண்ணீரை விட்டு ஏற முட்டியை ஊன்றினான். அதற்குள் பக்கத்தில் ஏதோ எழுந்தது. சொட்டச் சொட்ட நனைந்த சேலையோடு, தலைமுடி முகத்தில் ஒட்ட, மாமியார் மணலில் ஏறி நின்றாள். செத்தவர்களைவிட அவளைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

"வாத்தியாரே," என்றாள். மேலே கேட்குமா கேட்காதா என்றெல்லாம் யோசிக்காத, வழக்கமான குரல். "குதிகால்."

நீச்சல் வாத்தியார் மெல்லக் குனிந்தார். ஒரு காலை மடக்கி, உடல் தள்ளாட, தன் குதிகாலைப் பார்க்க முயன்றார். மேலே பாரில் நாற்காலிகள் ஒரே நேரத்தில் நகர்ந்தன. அங்கேயும் எல்லோரும் குனிந்திருக்க வேண்டும்.

"ஓடுடி!" என்றாள் மாமியார்.

ஐஸ் பெட்டி தொட்டிக்குள் விழுந்தது. பார்மேன் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். மச்சினன் நொண்டியபடி முன்னால் பாய்ந்து கயிற்றை அவிழ்த்தான். வாத்தியார் நிமிர்ந்து, கை நீட்டி, ஓர் அடி எடுத்து வைத்தார். பிறகு காலில் ஒட்டிய மணலைப் பார்த்தார். பார்மேனின் வாழ்க்கையிலேயே நீளமான நொடி அது. வாத்தியார் திரும்பித் தொட்டிக்குள் ஏறினார்.

இயந்திரம் பிடித்தது. துறை பின்னால் நகர்ந்தது. கரை கைக்கெட்டாத தூரம் போனதும் மாமியார் சொன்னாள், "எல்லாரும் காலைக் காட்டுங்க."

கடிபட்டவரும் செத்து எழுவார் என்பதால், ஏனென்று எல்லோருக்கும் புரிந்தது. மகள் காட்டினாள். மாப்பிள்ளை காட்டினான். மாமியார் குனிந்து விரலிடுக்கு வரை பார்த்தாள். மச்சினன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவன் பாதத்தடியில் படகின் பலகை சிவந்திருந்தது.

"ஆணி," என்றான். "பலகை விழுந்தப்போ குத்தினது. சத்தியமாம்மா, ஆணிதான்."

பார்மேன் துடுப்பை எடுத்தான். அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் மகனின் காலைத் தூக்கி மடியில் வைத்து, கடல் தண்ணீரை அள்ளி ஊற்றி, தரையைத் தேய்க்கிற அதே அழுத்தத்தோடு தேய்த்தாள். அவன் கத்தினான். காயம் சுத்தமானது. ஒரே ஒரு துளை, துருவின் கறை.

"ஆணிதான்," என்றாள். பிறகு அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அப்பவே சொன்னேன், என் பலகையில ஆணி அடிக்காதேன்னு."

பார்மேன் துடுப்பைக் கீழே போட்டான். கரையில், திறந்த பாரில், செத்தவர்கள் மேசைகளில் கை வைத்து, யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் என உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் அந்தப் பக்கமே பார்த்தபடி இருந்தாள்.

"விடும்மா," என்றான் மச்சினன் முதுகைத் தடவியபடி. "எல்லாரும் கழுவிட்டுத்தானே ஏறினாங்க."

"கழுவினாங்க," என்றாள் அவள். "ஒருத்தராவது துடைச்சாங்களா?"