சரிபார்த்தவர்

அந்தக் கட்டட வரைபட அலுவலகத்தில் ஒருவர் வரைந்ததை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் தாள் வெளியே போகும். அவள் வரைந்ததை அவன் பார்ப்பான், அவன் வரைந்ததை அவள். இரண்டு பேருக்கும் தலைமை வரைவாளர் நாற்காலிமேல்தான் கண். அப்புறம் கேட்கவா வேண்டும்! அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவான். ஒரு கதவு இரண்டு விரல் தள்ளியிருந்தாலும் சிவப்பு வட்டம். அவள் சும்மா விடுவாளா? அவன் தாள் வரும்போது வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பாள். முதலாளிக்கு ஒரே குஷி. "நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிறவரைக்கும் என் கட்டடம் எதுவும் விழாது" என்பார்.

அவள் வீட்டில் அவனுக்குக் கொள்ளிக்கண்ணன் என்று பெயர். "கொள்ளிக்கண்ணன் இன்னிக்கு எத்தனை வட்டம் போட்டான்?" என்று கேட்காமல் அம்மா சோறு போட்டதில்லை.

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த வாரம் அவள் வேலைக்குப் போகவில்லை. திரும்பி வந்தபோது அவளுடைய மிச்ச வேலை முழுவதும் முடிந்திருந்தது. அவன்தான் முடித்திருந்தான், அவள் பெயரைப் போட்டு. நேரே போய்ச் சண்டைக்கு நின்றாள்.

"உங்களை யாரு செய்யச் சொன்னது?"

"தப்புக் கண்டுபிடிக்க ஆளில்லாம போரடிச்சுது. அப்பா எப்படி இருக்காரு?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், காதலில் விழுந்தாள்.

அதற்குப் பிறகு சிவப்பு வட்டங்கள் குறைந்தன. அப்புறம் நின்றே போயின. கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் முன்பே கொள்ளிக்கண்ணன் அம்மா வாயில் மாப்பிள்ளை ஆனான். அவள் தாளை நீட்டினால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போடுவான். "நீ வரைஞ்சா சரியாத்தான் இருக்கும்." இதைவிடப் பெரிய கொஞ்சல் உலகத்தில் கிடையாது என்று அந்த அசடு பூரித்துப் போனது. பதிலுக்கு அவளும் அவன் தாள்களைப் பிரிக்காமலே கையெழுத்திட்டாள்.

ஒரு நாள் கட்டட மேற்பார்வையாளர் நெற்றியில் எலுமிச்சை அளவு புடைப்போடு வந்து நின்றார். ஒரு மருத்துவமனை மாடிப்படிக்குக் குறுக்கே உத்தரம்! நிமிர்ந்து ஏறினால் எவர் மண்டையும் தப்பாது. கான்கிரீட் இறுகிவிட்டது, இனி இடித்துத்தான் கட்ட வேண்டும். வரைந்தது அவள். 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் அவன் கையெழுத்து.

முதலாளி இருவரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தலைமை வரைவாளர் ஓய்வு பெறப் போகிறார். நாற்காலி அவளுக்குத்தான் என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அது இப்போது அந்தரத்தில் ஆடியது.

"ரெண்டு பேரையும் வெச்சுக்க முடியாது. எப்படி நடந்துச்சு? யாராவது வாயைத் திறங்க."

அவன் தொண்டையைச் செருமினான். இத்தனை வருஷப் பகையில் அந்தச் செருமல் அவளுக்கு அத்துப்படி. அவள் மேல் குற்றம் சொல்லுமுன் அவன் அப்படித்தான் செருமுவான். மனசு யோசிப்பதற்குள் வாய் பேசிவிட்டது.

"சார், அவர் அந்தத் தாளைப் பிரிச்சே பாக்கல."

அது உண்மைதான். அவன் தாள்களைத் தானும் பிரிக்காததை மட்டும் விழுங்கிவிட்டாள்.

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. "ஆமா சார், பாக்கல" என்றான். "வரையறப்போ தப்பு வரும், பாக்காம கையெழுத்துப் போட்டதுக்கு மன்னிப்பே கிடையாது" என்று முதலாளி அவனை வேலையை விட்டு அனுப்பினார்.

அவன் மேசையைக் காலி செய்யும்போது அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவன்தான் கேட்டான்.

"நான் உன்னை மாட்டி விட்டுருவேன்னு நெனச்சியா?"

"ஆமா."

சிரித்தான். "சரியாத்தான் நெனச்சிருக்க. அதைத்தான் சொல்ல வந்தேன், நீ முந்திக்கிட்ட."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். அப்புறம் அவள் எத்தனை முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை. "மாப்பிள்ளை ஏன் இந்தப் பக்கமே காணோம்?" என்று கேட்ட அம்மாவிடம் எரிந்து விழுந்தாள்.

நாற்காலி கிடைத்தது. அதில் உட்கார்ந்து அவன் கடைசியாகச் சொன்னதைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்கிறாள். நிஜமாகவே காட்டிக்கொடுக்க வந்தானா? இல்லை, அவள் மனசு குத்தாமல் இருக்கட்டும் என்று சொன்ன பொய்யா? அவளுக்குப் பிடிபடவில்லை. அவள் தப்பை எடுத்துச் சொல்லத் தெரிந்தவன் ஒருத்தன்தான் இருந்தான். அவனை அவளே வெளியே அனுப்பிவிட்டாள்.