கீழ்த்தட்டு

சுத்தியல் மூன்றாவது முறை விழுந்ததும் பிளாஸ்டர் அச்சு இரண்டாகப் பிளந்தது. மகள் துண்டுகளைச் சாக்கில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். முன்னறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அதற்குள் நாற்பது வருஷத்து வாய்கள் பொடியாக வேண்டும்.

அப்பா பல்செட் செய்கிறவர். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் சிரித்தார்கள். யார் யார் என்று மட்டும் கடைசிவரை மூச்சு விடவில்லை. போன வாரம் கட்டிலில் கிடந்தபடி மகளைக் கூப்பிட்டார்.

"பட்டறையில இருக்கற அச்செல்லாம் உடைச்சிடும்மா. என்னை எடுக்கறதுக்குள்ள. அடுத்தவங்க வாய் நம்ம வீட்ல எதுக்கு? அடியில பேர் எழுதியிருக்கேன். அதை மட்டும் பாக்காதே."

"ஊருக்கே ஒலிபரப்பற என்கிட்டப் போய் சொல்றீங்களேப்பா?"

"உன்னாலயும் முடியும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்க அவளென்ன அப்பாவா? நாலாவது அச்சிலேயே திருப்பிவிட்டாள். அத்தை பெயர்!

அதே நேரம் முன்னறையில் அத்தையின் குரல் கேட்டது. "எனக்கு எழுபத்திரண்டு ஆச்சு. ஒரு பல்லு ஆடல பாத்துக்கோங்க. எல்லாம் எங்க குடும்பத்துப் பல்லு."

குடும்பத்துப் பல்தான், தம்பியே செய்து கொடுத்தது. அழுது வீங்கிய முகத்தோடு மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அத்தையை ஒரே போடாகப் போட்டாள்.

அலமாரியின் கீழ்த்தட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. மூலையில் ஒரு மேல்தாடை இருந்தது. முன்பற்கள் நான்கும் இருக்க வேண்டிய இடம் மொட்டை. திருப்பினாள். பென்சிலில் அப்பாவின் குண்டெழுத்து. அவள் கணவரின் பெயர். கீழே தேதி. முதலில் குறித்திருந்த கல்யாண நாளுக்கு மூன்று நாள் முன்பு.

அந்தக் கல்யாணத்தை அப்பாதான் இரண்டு வாரம் தள்ளிப்போட்டார். "கையில ஒரு அவசர வேலை இருக்கு" என்றாரே தவிர வேறு காரணம் சொல்லவில்லை. அவள் அழுதாள், கத்தினாள், பத்து நாள் அப்பாவோடு பேசவில்லை. பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு கல்யாண நாளிலும் சாப்பாட்டு மேசையில் அதைத் தவறாமல் எடுப்பாள். "பெத்த மக கல்யாணத்தைவிட எங்கப்பாவுக்கு எவனோ ஒருத்தன் பல்லு பெருசு!" அப்பா தலை நிமிராமல் சாப்பிடுவார். கணவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்.

எவனோ ஒருத்தன்!

எங்கே விழுந்தாரோ, யாரிடம் அடி வாங்கினாரோ. எந்தப் பழத்தையும் கடிக்காமல் கத்தி தேடுகிற மனிதர். பல் துலக்கக் கதவைத் தாழ் போடுகிற மனிதர். சுத்தக்காரர் என்று ஊரெல்லாம் பெருமை வேறு அடித்திருந்தாள். கோபம் சுர்ரென்று ஏறியது. அச்சும் கையுமாக எழுந்து கதவுவரை போனாள். கேள்வி நாக்கு நுனியில் நின்றது.

கணவர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையால் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அழுதார். அழும்போதுகூட இன்னொரு கை வாயை மூடியிருந்தது.

அவள் திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். தன் வாயிலிருந்து வந்த வசவையெல்லாம் அப்பா சோற்றோடு சேர்த்து விழுங்கியிருக்கிறார். ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தபோது துக்கத்தை மீறி மனம் நிறைந்தது.

அச்சை இருந்த மூலையிலேயே, பெயர் தெரியாதபடி வைத்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"என்னங்க, எனக்குக் கை வலிக்குது. கீழ்த்தட்டுல அஞ்சாறு மிச்சமிருக்கு. நீங்க உடைச்சிடறீங்களா?"

கணவரின் முகம் வெளுத்தது. "நீ... எல்லாத்தையும் பாத்தியா?"

"பாக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரே" என்று சுத்தியலை நீட்டினாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு ஓர் அடி. அப்புறம் ஒரே இடத்தில் விடாமல் பல அடிகள்.

"என்னடி ரேடியோ, இன்னிக்கு உன் சத்தத்தையே காணோம்?" என்றாள் அத்தை, பளிச்சென்ற பற்கள் தெரிய.

"தொண்டை சரியில்ல அத்தை."

கணவர் தலையெல்லாம் வெள்ளைப் பொடியோடு வந்தார். அவள் எட்டித் தட்டிவிட்டாள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மணி ஆறு. காலையிலிருந்து இருவரும் எதுவும் சாப்பிடவில்லை. கூடையில் ஆப்பிள் இருந்தது. கணவர் ஒன்றை எடுத்துக் கத்தியைத் தேடினார். அவள் அதை வாங்கி, தோல் சீவி, மெல்லிசாக நறுக்கித் தட்டில் பரப்பினாள். தட்டை நடுவில் வைத்துவிட்டு, முதல் துண்டைத் தானே எடுத்துக்கொண்டாள்.